பின் பிறேக் விடாமல் இறுகுகிறதா? யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பண்ணைப் பாலத்தால் ஏறி, அல்லைப்பிட்டி கடந்து, வேலணைக்கு வேலைக்குப் போய்வருகிறவன் நான். பன்னிரண்டு வருடமாக அதே பாதை, அதே உப்புக்காற்று. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பின் பிறேக் எத்தனை விதமாக இறுகலாமோ அத்தனை விதமாகவும் என் வண்டியில் இறுகியிருக்கிறது. அதனால் ஒழுங்கையிலும் அலுவலகத்திலும் இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம். அவரவருக்குச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி ட்ரம் பிறேக் (சில்லின் நடுவில் உள்ள கிண்ணம் போன்ற ட்ரம்முக்குள் பிடிக்கும் பிறேக்) பற்றியது. சீடீ 100, பிளட்டினா, ஸ்பிளெண்டர், பழைய எம்டீ 90 என்று இங்கே ஓடுகிற பலவற்றுக்குப் பின்னால் இருப்பது அதுதான். டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குக் கீழே தனியாக இருக்கிறது.

பிறேக் இறுகுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓடிக்கொண்டிருக்கும்போது கிளச்சைப் பிடித்து வண்டியை உருள விடுங்கள். நல்ல வண்டி காற்றோடு காற்றாகப் போகும். இறுகிய வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும். இன்னொன்று, வீட்டுப் படலைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கைக்குத் தெரியும். நேற்று ஒரு கையால் தள்ளிய வண்டிக்கு இன்று இரண்டு கையும் வேண்டுமென்றால் சந்தேகப்படலாம்.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, பின் சில்லைக் கையால் சுழற்றுங்கள். செயின் இருப்பதால் முன்சில்லு போல நெடுநேரம் சுற்றாது. ஆனாலும் ஒன்றிரண்டு சுற்றாவது தானாகப் போக வேண்டும். கையை எடுத்ததும் நின்றாலோ, ஒரே இடத்தில் மட்டும் இடறினாலோ கோளாறு இருக்கிறது. 'சர்... சர்...' என்று மெல்லிய உரசல் மட்டும் கேட்டு, சுற்றும் தடைப்படாமல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

ஐந்து கிலோமீற்றர் பிறேக்கை அதிகம் தொடாமல் ஓடிவிட்டு ட்ரம்முக்குக் கிட்டே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். கிட்டே என்றுதான் சொல்கிறேன், தொட வேண்டாம். அனல் அடித்தால் விஷயம் முற்றிவிட்டது. பின் பிறேக் லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதும் ஓர் அடையாளம். சுவிட்ச் பிழையாகவும் இருக்கலாம், பெடல் முழுதாக மேலே வராமலும் இருக்கலாம்.

எனக்கு இது உறைத்தது 2022இல், எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களில். வியாழக்கிழமை வரை வர வேண்டிய பெற்றோல் செவ்வாயிலேயே முடிந்தது. எஞ்சினில்தான் பிழை என்று பிளக்கையும் காபரேட்டரையும் கழற்றிக் கழுவினேன். கடைசியில் பார்த்தால் பின்சில்லு சுற்றவே இல்லை.

சில்லு இறுக்கமாக இருந்தால் அது பிறேக்தானா?

கட்டாயம் இல்லை. அட்ஜஸ்ட் நட்டை (பின்சில்லுப் பக்கம் பிறேக் கம்பியின் நுனியில் இருப்பது) முழுதாகத் தளர்த்திவிட்டுச் சில்லைச் சுழற்றிப் பாருங்கள். விட்டுவிட்டது என்றால் பிறேக் பக்கம். விடவில்லை என்றால் செயினைக் கவனியுங்கள். அளவுக்கு மிஞ்சி இழுத்த செயினும் சில்லை இதே மாதிரிப் பிடிக்கும். செயின் சரி என்றால் பெயரிங். சில்லைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியும், சுழற்றினால் கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம் வரும். ரயர் மட்காட்டிலோ செயின் கவரிலோ உரசுகிறதா என்றும் ஒருமுறை குனிந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம், நான் அரைநாள் செலவழித்த பிறகுதான் குனிந்தேன்.

பிறேக் பிடிக்கிறது, ஆனால் விடுவதில்லை. ஏன் அப்படி?

பிறேக்கைப் பிடிப்பது உங்கள் கால். விடுவிப்பது ஸ்பிறிங். முழு உடம்பின் பாரமும் காலுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்பிறிங்குக்கோ அதன் சின்னப் பலம் மட்டும்தான். போகிற வழியில் எங்காவது துரு, மண், காய்ந்த கிறீஸ் இருந்தால் கால் அதை மதிக்காது, மிதித்துத் தள்ளிவிடும். திரும்பி வரும்போது ஸ்பிறிங்தான் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் எந்த வறட்சியும் முதலில் பிறேக் விடும்போது தெரிகிறது, பிடிக்கும்போது தெரிவதில்லை.

ட்ரம்முக்குள் நடப்பது இதுதான். பெடலை மிதித்தால் ஒரு நீண்ட றொட் இழுபடும். அது, ட்ரம்மை மூடியிருக்கும் பிளேட்டுக்கு வெளியே இருக்கிற லீவரைத் திருப்பும். லீவர் உள்ளே இருக்கும் கேம் தண்டைச் சுழற்றும் (கேம் என்பது அந்தத் தண்டின் உள்முனையில் உள்ள தட்டையான தலை). கேம் சுழன்றதும் இரண்டு சூவும் (பிறை வடிவப் பிறேக் கட்டைகள்) விரிந்து ட்ரம்மில் உரசும். காலை எடுத்ததும் இரண்டு சூவையும் இணைத்திருக்கும் ஸ்பிறிங்குகள் அவற்றை உள்ளே இழுத்து, கேமைத் திருப்பி, லீவரையும் திரும்பத் தள்ள வேண்டும். பெடலுக்கு வேறாக ஒரு ஸ்பிறிங் உண்டு.

ஆக, கோளாறு வரக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். பெடல் சுழலும் இடம், றொட், கேம் தண்டு, சூ, ஸ்பிறிங். பெரும்பாலும் கேம் தண்டு. எங்கே என்று தெரியாமல் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புதுச் சூ வாங்கி வருவதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். காசும் போகும், பிறேக்கும் மறுபடி இறுகும்.

எங்கே பிடித்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து நிமிட வேலை. அட்ஜஸ்ட் நட்டை முழுதாகக் கழற்றி, றொட்டை லீவரில் இருந்து பிரித்து விடுங்கள். சின்ன ஸ்பிறிங்கும் உருண்டைப் பின்னும் கழன்று மண்ணில் விழும், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெடலைக் கையால் அமர்த்தி விடுங்கள். 'டக்' என்று மேலே வந்தால் பெடல் நல்லது. சோம்பேறித்தனமாக வந்தால் பிழை அங்கேதான். அடுத்து லீவரைக் கையால் முன்னோக்கி இழுத்து விடுங்கள். தானாகத் திரும்ப வேண்டும். நீங்கள் தள்ளித்தான் திரும்புகிறது என்றால் கேம். அசையவே மறுக்கிறது என்றாலும் கேம்தான், துரு கொஞ்சம் கூட.

இரண்டும் துள்ளுகின்றன, ஆனால் றொட்டைப் பூட்டியதும் சில்லு இறுகுகிறது என்றால் அட்ஜஸ்ட்மென்ட் பிழை, அல்லது றொட் வளைந்திருக்கிறது.

கராஜில் செயின் இழுத்துவிட்டு வந்த நாளில் இருந்து இறுகுகிறது. செயினுக்கும் பிறேக்குக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. செயினை இழுப்பதென்றால் பின்சில்லைப் பின்னோக்கி நகர்த்துவது. சில்லோடு பிறேக் பிளேட்டும் லீவரும் பின்னால் போகும். பெடல் நின்ற இடத்தில் நிற்கும். றொட்டின் நீளம் மாறவில்லை, தூரம் கூடிவிட்டது. ஆகவே யாரும் மிதிக்காமலே பிறேக் கொஞ்சம் பிடிபட்டுவிடும். செயின் இழுத்தவர் கையோடு பிறேக் நட்டையும் தளர்த்தியிருக்க வேண்டும்.

ஒருமுறை நான் விட்ட இடத்தில் அதை மறந்துவிட்டார்கள். அன்று மாலையே மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது கருகிய மணம் வந்தது. திரும்பிப் போய்ச் சொன்னால், "அண்ணை, புதுச் செயின் செட் பழகும் வரைக்கும் அப்படித்தான்" என்றார்கள். செயின் செட் புதிது இல்லை, பழையதைத்தான் இழுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு செயினை நானே இழுக்கிறேன்.

நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

பெடலின் நுனியைக் கையால் அமர்த்திப் பாருங்கள். 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை சும்மா கீழே போய், அதற்குப் பிறகு பிறேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். ஒரு பெருவிரலின் அகலத்தை விடச் சற்றுக் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பிடியுங்கள். "கால் வைத்ததும் பிடிக்க வேண்டும்" என்று விரும்பி ஒட்ட இறுக்குபவர்கள்தான் அதிகம். அவர்களின் சூ எப்போதும் ட்ரம்மைத் தடவிக்கொண்டே இருக்கும். சூடானதும் இன்னும் இறுகும்.

நட்டை உற்றுப் பாருங்கள். லீவரைத் தொடும் பக்கம் தட்டையாக இருக்காது, அரைவட்டமாகக் குழிந்திருக்கும். லீவரில் உள்ள உருண்டைப் பின் அந்தக் குழியில் உட்கார வேண்டும். அதனால்தான் அரைச் சுற்றுக்கு ஒருமுறை 'கிளிக்' என்கிறது. குழி சரியாக உட்காராமல் விளிம்பில் நின்றால், நீங்கள் அளந்தது ஓர் அளவு, முதல் பள்ளத்தில் விழுந்த பிறகு இருப்பது இன்னோர் அளவு. நட்டைத் திருகிய பிறகு பெடலை இரண்டு மூன்று தரம் நன்றாக மிதித்துவிட்டு மீண்டும் அளவுங்கள்.

டபுள் ஸ்டாண்டில் சரியாக இருக்கிற பிறேக், இரண்டு பேர் ஏறியதும் இறுகுவதும் உண்டு. சொக்கப்சோபர் அமர்ந்ததும் றொட்டின் கோணம் மாறுகிறது. வழமையாகப் பின்னால் ஆளை ஏற்றுகிறவர் என்றால், ஏற்றிவைத்தே ஒருமுறை பெடல் இடைவெளியைப் பாருங்கள்.

பெடல் மேலே வர மறுக்கிறது. நான் தோட்டப்பக்கம் ஓடுகிறவன்.

ஊருக்கு ஊர் வியாதி வேறு. தீவுப்பக்கம் ஓடுகிற எங்களுக்கு உப்பு. வடமராட்சி கிழக்குக்கு மணல். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் செம்பாட்டு மண். மாரியில் அந்தச் சேறு பெடல் சுழலும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, தை வெயிலில் காய்ந்தால் செங்கல்தான். பெடல் தாழ்வான இடத்தில், முன்சில்லு வாரி அடிக்கும் சேற்றுக்கு நேரே இருப்பது பெரிய வசதி, சேற்றுக்கு.

பெடலைக் கழற்றி, தண்டையும் ஓட்டையையும் மண்ணெண்ணெயில் கழுவி, துரு இருந்தால் மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். ஸ்பிறிங்கின் கொளுக்கி நுனியைப் பாருங்கள், அங்கேதான் தேய்ந்து அறும். வண்டி விழுந்திருந்தால் பெடல் உள்ளே வளைந்து எஞ்சின் மூடியிலோ ஃபுட்ரெஸ்டிலோ உரசும். அதற்குக் கிறீஸ் மருந்தில்லை, நிமிர்த்த வேண்டும்.

பெடல் கோளாறே இல்லாமல் பெடலால் வரும் கோளாறு ஒன்று இருக்கிறது. நல்லூர்த் திருவிழா நாட்களில் ரவுண் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது எல்லோர் காலும் பெடலில்தான் இருக்கும். பழகிவிட்டால் வெறும் வீதியிலும் எடுக்க மாட்டோம். சப்பாத்தின் நுனி சும்மா வைத்திருந்தாலே போதும்.

கேமைக் கழற்றி கிறீஸ் போடுவதை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். ஒரு ஞாயிறு காலை போதும். ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

டபுள் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். றொட்டைப் பிரியுங்கள். பிறேக் பிளேட் சுழலாமல் பிடித்திருக்கும் பட்டைக் கம்பியின் நட்டைக் கழற்றுங்கள் (சில வண்டிகளில் கம்பிக்குப் பதில் பிளேட்டில் ஒரு பள்ளம் இருக்கும், அது பின்சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்மில் உள்ள மேட்டில் உட்காரும்). அக்சில் நட்டைக் கழற்றி, அக்சிலை உருவினால் சில்லு கீழே வரும். பிளேட் சூவோடு தனியாகக் கையில் வந்துவிடும்.

ட்ரம்முக்குள் கரும்பொடி நிறைய இருக்கும். அதை வாயால் ஊத வேண்டாம், காற்று அடிக்கவும் வேண்டாம். பழைய சூக்களில் கல்நார் இருந்திருக்கலாம், அது நெஞ்சுக்குள் போகக்கூடாத பொருள். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

இரண்டு சூவையும் நடுவில் பிடித்து, புத்தகத்தை மூடுவது போல மேலே மடக்கினால் ஸ்பிறிங்கோடு கழன்று வரும். ஸ்குறூ றைவரால் நெம்பினால் ஸ்பிறிங் கண்ணைத் தேடி வரும்.

இனித்தான் முக்கியமான இடம். வெளியே லீவரைக் கழற்றுவதற்கு முன் லீவரிலும் கேம் தண்டின் முனையிலும் நேருக்கு நேர் ஓர் அடையாளம் இடுங்கள். பல வண்டிகளில் கம்பெனியே ஒரு புள்ளி போட்டிருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். தண்டில் பல்லுப் பல்லாக வெட்டியிருப்பதால் ஒரு பல்லு மாறிப் பூட்டினாலே முழுக் கோணமும் மாறிவிடும்.

லீவரை எடுத்ததும் கேம் உள்பக்கமாக வெளியே வர வேண்டும். வராது. அங்கேதான் உங்கள் நோய் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள், சுத்தியலால் நேரே அடித்தால் தண்டின் தலை விரிந்து பிறகு எந்தப் பக்கமும் போகாது. என்னுடையது முதல்முறை கழன்று வந்தபோது தண்டு முழுதும் பழைய கிறீஸ் கறுத்து, கூழாங்கல் மாதிரிக் கெட்டியாகி, அதற்குமேல் செந்துரு படிந்திருந்தது. அதைச் சுரண்டி, மெல்லிய சாண்ட் பேப்பரால் தண்டையும் பிளேட்டின் ஓட்டையையும் வழுவழுப்பாக்கி, காய்ந்தபின் கேமைச் சும்மா போட்டுச் சுழற்றிப் பாருங்கள். விரலால் தொட்டாலே சுழல வேண்டும்.

சூடு தாங்கும் கிறீஸ் மெல்லிய படலமாகத் தண்டில், கேமின் இரு முகத்தில், சூக்கள் ஊன்றி நிற்கும் முளையில் துளியளவு. மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். அதிகம் பூசினால் சூட்டில் உருகிச் சூவில் இறங்கும், பிறகு பிறேக்கே பிடிக்காது. தண்டின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன றப்பர் வளையமோ கம்பளி வளையமோ இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். நைந்திருந்தால் மாற்றுங்கள், அதை மாற்றாததால்தான் பாதிப்பேர் அடுத்த மாரியில் இதே வேலையைத் திரும்பச் செய்கிறார்கள்.

திரும்பப் பூட்டும்போது அக்சில் நட்டை இறுக்கும் முன், பட்டைக் கம்பியையும் றொட்டையும் பூட்டி, யாரையாவது பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சூக்கள் ட்ரம்முக்கு நடுவில் தாமே உட்காரும். மிதித்தபடியே நட்டை இறுக்குங்கள். அக்சில் நட்டுக்குப் பூட்டு ஊசி (பின்) இருந்தால் புதிது போடுங்கள்.

பட்டைக் கம்பியின் நட்டை இரண்டு தரம் பாருங்கள். மூன்று தரம் பார்த்தாலும் பிழையில்லை. அது கழன்றால் முதல் பிறேக்கிலேயே பிளேட் சில்லோடு சேர்ந்து சுழன்று, றொட்டை முறுக்கி, சில்லு பூட்டிவிடும்.

வெளியில் இருந்தே டபிள்யூடீ 40 அடித்தால் போதாதா? அப்பா நல்லெண்ணெய் விடச் சொல்கிறார்.

நல்லெண்ணெய் தலைக்கு நல்லது. கேம் தண்டில் விட்டால் இரண்டு கிழமைக்குச் சுகமாக இருக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். ஸ்பிறே அடித்தாலும் தற்காலிகம்தான், அது துருவை இளக்கும், கிறீஸாக நிற்காது. அதிகம் அடித்தால் தண்டு வழியே உள்ளே ஓடிச் சூவை நனைக்கும். நாளை காலை கட்டாயம் வேலைக்குப் போக வேண்டும், இன்று கழற்ற நேரமில்லை என்றால் தண்டின் வெளிமுனையில் ஒரு துளி, லீவரை இருபது முப்பது தரம் ஆட்டிவிட்டுப் போங்கள். ஞாயிறு கழற்றுங்கள்.

புதுச் சூ போட்ட பிறகுதான் இறுகத் தொடங்கியது.

பழைய சூ தேய்ந்த அளவுக்கு நட்டை இறுக்கி வைத்திருந்திருப்பீர்கள். புதுச் சூ தடிப்பானது. நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு முதலில் இருந்து அளவு பிடியுங்கள்.

தளர்த்தியும் விடவில்லையா? ட்ரம்மின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பழைய ட்ரம்மில் சூ உரசிய இடம் பள்ளமாகி, ஓரத்தில் ஒரு வரம்பு நிற்கும். புதுச் சூவின் ஓரம் அந்த வரம்பில் ஏறி இடிக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு நாங்கள் பழைய வண்டிகளையே வைத்து ஓட்டினோம், ஆகவே இந்த வரம்பு இப்போது அபூர்வமில்லை. லேத் பட்டறையில் வரம்பைச் சீவலாம். ஆனால் ட்ரம்மின் உள்ளே 'மேக்ஸ்' என்று ஓர் அளவு அச்சிட்டிருக்கும், உள்விட்டம் அதைத் தாண்டினால் ட்ரம்மை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பிறிங்குகளைப் பழையதையே போட்டீர்களா? சுற்றுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது இழுபட்டுப் போன ஸ்பிறிங். சூவோடு சேர்த்து மாற்றியிருக்க வேண்டும்.

சூ தேய்ந்தாலும் இறுகுமா? தேய்ந்தால் தளர்ச்சிதானே வரும்?

தேய்ந்தால் தளரும், நீங்கள் இறுக்குவீர்கள், இன்னும் தேயும், இன்னும் இறுக்குவீர்கள். ஒவ்வொரு முறையும் கேம் கூடக் கூடத் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் கேமின் தட்டை முகம் முழுதாகக் குத்தென நின்றுவிடும். குத்தென நிற்கும் கேமை ஸ்பிறிங்கால் திருப்ப முடியாது, இரண்டு பக்கமும் அமர்த்துவதுதான் மிச்சம். அப்படியே பிடித்தபடி நிற்கும். ஓட்டத்தில் நடந்தால் ஆபத்து.

இதற்காகவே பல வண்டிகளில் லீவருக்குக் கீழே ஒரு அம்புக்குறித் தகடு இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது அது பிளேட்டில் உள்ள கோட்டுக்கு வந்துவிட்டால் சூவின் காலம் முடிந்தது. பல வண்டிகளுக்கு லைனிங் (சூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் படை) 2 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டும். சிலர் லீவரை ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டிப் பழைய சூவிலேயே இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார்கள். அந்த மாதத்தில்தான் கேம் புரளும்.

மழையில் நின்ற வண்டி, காலையில் சில்லு அசையவே இல்லை.

ஐப்பசி கார்த்திகையில் சாதாரணம். ட்ரம் இரும்பு, ஈரச் சூ அதில் ஒட்டியபடி நின்றால் ஒரே இரவில் துரு இரண்டையும் பிடித்துக்கொள்ளும். வண்டியை முன்னும் பின்னும் உலுக்குங்கள், 'டொக்' என்று விடும். விட்டதும் முதல் கொஞ்சத் தூரம் மெல்லப் பிறேக் பிடித்துப் பிடித்து ஓடினால் துரு அழியும். முதல் பிறேக் வழமையை விடக் கடுமையாகப் பிடிக்கும், கவனம்.

சேர்விஸ் ஸ்டேசனில் கழுவிவிட்டு நேரே கொண்டுவந்து நிறுத்துவதும் இதேதான். அதிவேகத் தண்ணீரைப் பிளேட்டில் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், கழுவிய பிறகு ஒரு கிலோமீற்றர் பிறேக் பிடித்து ஓடிச் சூவைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி வேறு கதை. கனடாவில் இருக்கும் மகன் வந்தால் ஓடட்டும் என்று கொட்டிலுக்குள் பொலித்தீன் போர்த்தி வைத்த வண்டிகள் நிறைய உண்டு. பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். அதை உலுக்கி எடுக்கப் பார்க்க வேண்டாம், லைனிங் சூவில் இருந்து பெயர்ந்து வரும். சில்லைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

நடுப்பாலத்தில் இறுகிவிட்டது. என்ன செய்வது?

இழுத்துக்கொண்டே ஓட வேண்டாம். ஓரமாக நிறுத்துங்கள். அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்துங்கள், பல வண்டிகளுக்கு 14 ஸ்பனர். லீவரைக் காலால் பின்னோக்கி மெல்லத் தட்டிவிடுங்கள். சில்லு விட்டதும் பத்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்கிறதே என்று தண்ணீர் அள்ளி ஊற்ற வேண்டாம், கொதிக்கிற ட்ரம்மில் வெடிப்பு விழலாம், உப்புத்தண்ணீர் உள்ளே போனால் அடுத்த இறுக்கமும் உறுதி.

பிறகு முன்பிறேக்கை நம்பி மெல்லப் போங்கள். நட்டைத் தளர்த்தியதால் பின்பிறேக் இல்லை என்பதை மறக்க வேண்டாம். கால் பழக்கத்தில் மிதிக்கும், ஒன்றும் நடக்காது.

என்னுடையது ஸ்கூட்டி. பெடலே இல்லையே?

பெடலுக்குப் பதில் இடக்கைப் பிடியும் கேபிளும். ட்ரம்முக்குள் எல்லாம் அதேதான். கேபிளை லீவரில் இருந்து பிரித்துவிட்டு மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகினால் எண்ணெய் விட்டு மினக்கெட வேண்டாம், புதிது போடுங்கள்.

பின்னால் டிஸ்க். பிடித்தால் விடுவதில்லை.

டிஸ்க்கில் விடுவிப்பதற்கென்று ஸ்பிறிங் இல்லை. பாட்களைத் (டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கும் கட்டைகள்) தள்ளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றப்பர் சீல், பிறேக் பிடிக்கும்போது கொஞ்சம் முறுகி, விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை உள்ளே இழுக்கும். அவ்வளவுதான். அதனால் பிஸ்டனின் ஓரத்தில் உப்பும் துருவும் ஏறினால் சீலுக்கு அதை அசைக்க முடியாது.

சில்லு பிடித்து நிற்கும்போதே கலிப்பரின் (பிஸ்டனும் பாட்களும் இருக்கும் கூடு) நிப்பிளில், அதாவது ஒயிலை வெளியே விடும் திருகில், ஒரு றப்பர்க் குழாயைப் போட்டு, போத்தலுக்குள் விட்டு, நிப்பிளைக் கொஞ்சம் திறவுங்கள். ஒயில் பீச்சி அடித்துச் சில்லு விட்டுவிட்டால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அமர்த்தும்போது ஒயிலைத் தள்ளுவது) அல்லது குழாய் பிழை. திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டனோ, கலிப்பர் நகரும் பின்களோ இறுகியிருக்கின்றன. இரண்டு பாட்களில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின்களைச் சந்தேகியுங்கள். அவற்றுக்கு சிலிக்கன் கிறீஸ்தான், சாதாரண கிறீஸ் றப்பரை ஊதவைக்கும்.

ஓடினால் இறுகுகிறது, அரைமணி நேரம் நிறுத்தினால் தானே விடுகிறது என்கிறீர்களா? பெடல் உயரத்தை யாராவது மாற்றினார்களா என்று யோசியுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் திரும்பிப் போக ஒரு நுண்ணிய துவாரம் உண்டு. பெடலின் தள்ளுகம்பி இடைவெளி இல்லாமல் முட்டி நின்றால் அந்தத் துவாரம் மூடியே இருக்கும். சூட்டில் ஒயில் விரியும், போக இடமில்லை, தானே பிறேக் பிடிக்கும். ஆறினால் விடும். பார்ட்ஸ் எதுவும் தேவையில்லை, கம்பியைத் திருகிக் கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும்.

பிறேக் ஒயில் குறைந்தால் எஞ்சின் ஒயில் விடலாமா?

விடவே கூடாது. நாங்கள் 'ஒயில்' என்று சொல்வதால் வந்த வினை இது. அது எண்ணெயே இல்லை. என் மச்சான் ஒருமுறை வீட்டில் கிடந்த எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் விட்டார். இரண்டாம் நாள் சீல் எல்லாம் ஊதிப்போய்ச் சில்லு கல்லாக நின்றது. கலிப்பர் சீல், மாஸ்டர் சிலிண்டர் சீல், குழாய் என்று றப்பர் பட்ட எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது.

மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும், அதையே விடுங்கள். டொட் 5 சிலிக்கன் வகை, அதோடு கலக்கக் கூடாது. சாதாரண பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். ஈரம் பிஸ்டனையும் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய போத்தல் வேண்டாம். பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எதை நானே செய்யலாம், எதைக் கொடுக்க வேண்டும்?

நட்டு, பெடல், கேம், சூ எல்லாம் பொறுமை உள்ள எவருக்கும் முடியும். டிஸ்க்கின் கலிப்பரையும் மாஸ்டர் சிலிண்டரையும் பிரிப்பது, பெயரிங் மாற்றுவது, ட்ரம் சீவுவது என்றால் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது "பிறேக் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் சூ மாற்றித்தான் தருவார்கள். "றொட்டைக் கழற்றிப் பார்த்தேன், பெடல் துள்ளுகிறது, லீவர் திரும்பவில்லை, கேமைக் கழற்றி கிறீஸ் போட்டு, வெளி வளையத்தையும் மாற்றித் தாங்கோ" என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய வளையத்தைக் காட்டச் சொல்லியும் கேளுங்கள்.